பரிமளா பெயரில் ஒரு வண்டி

1

சிங்கப்பூரில் எனக்குக் கார் கிடையாது. அரியலூரில் இருக்கிறது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்த மூன்றையும் அடுத்தடுத்துச் சொன்னால் ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டில் உழைத்தவனின் பெருமை அவ்வளவுதான்.

இந்த நாட்டில் கார் வாங்குவதற்கு முன்னால், கார் வைத்துக்கொள்ளும் உரிமையை வாங்க வேண்டும். பத்து வருஷத்துக்கு ஒரு சீட்டு. அந்தச் சீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் நம் ஊரில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்கு ஊரைக் கூப்பிட்டுச் சோறும் போடலாம். ஆகவே நான் பஸ்ஸில்தான் போகிறேன். விடிவதற்குள் எழுந்து, பஸ் பிடித்து, ரயில் மாறி, மறுபடி ஒரு பஸ் பிடித்துக் கப்பல் பட்டறைக்குப் போய்ச் சேர்வேன். அங்கே எனக்கு சேஃப்டி சூப்பர்வைசர் வேலை. உயரத்தில் ஏறுகிறவன் இடுப்பில் பெல்ட் மாட்டியிருக்கிறானா என்று பார்ப்பதுதான் வேலை. மாட்டாதவனைத் திட்டுவது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். "பெல்ட் போடு" என்பதை ஐந்து மொழிகளில் சொல்வேன். வேறெதையும் அந்த மொழிகளில் எனக்குச் சொல்லத் தெரியாது.

போன மாசம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது தம்பி குமரேசனிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் வந்தது. அவனுக்கு எழுதுவது என்றால் வலி. ஏதாவது வேண்டுமென்றால் குரலில் தேன் வழியும், ஒன்றும் வேண்டாத மாசங்களில் குரலே வராது.

"அண்ணே, நம்ம வண்டிக்கு இப்ப செம வெலைண்ணே. இந்த டீசல் இன்ஜின கம்பெனியிலயே நிறுத்திட்டான். டாக்சி ஓட்டுறவன்லாம் தேடித் தேடி வாங்குறான். இப்பத் தள்ளி விட்டாத்தான் உண்டு. நீ மேல கொஞ்சம் போட்டீன்னா பெரிய வண்டியா எடுத்துடலாம்."

'நீ மேல கொஞ்சம்' என்பது எங்கள் குடும்பத்துக் குலதெய்வ மந்திரம். வீடு, கடை, போர்வெல், எல்லாவற்றுக்கும் நான்தான் 'மேல கொஞ்சம்'. ஆனால் இந்த முறை எனக்கும் ஒரு கணக்கு ஓடியது. விலை ஏறியிருக்கிறது என்றால் விற்க வேண்டியதுதான். பெரிய வண்டி எதற்கு? அடுத்த வருஷம் மகள் யாழினி பல்கலைக்கழகம் போகிறாள். அவளுக்கு ஆகட்டும்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். பதினெட்டு வயசு. தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். நிதானமாகக் கேட்டுவிட்டு அபூர்வமாகத் தமிழில் கேட்டாள். "அப்பா, உங்களுக்கு டிரைவ் பண்ணத் தெரியாது. கார் உங்க ஊர்ல இருக்கு. சித்தப்பா ஓட்டுறாரு. அது எப்படி உங்க கார்?"

பணம் நான் கொடுத்தேன் என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கத் தொடங்கினாள். இந்த 'ஓ'வுக்காகத்தான் இவர்களை இங்கே வளர்க்கிறோம்.

2

அந்த வண்டி வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் குமரேசனுக்குக் கல்யாணமாகி மூன்று மாசம் இருக்கும். பெண் பெரம்பலூர். பெயர் பரிமளா. பி.எஸ்சி. படித்தவள். அப்பாவுக்கு வாசலில் கார் நிற்க வேண்டுமென்று ஆசை வந்தது. மகன் சிங்கப்பூரில் இருக்கிறான் என்பதை ஊருக்கு எத்தனை முறை வாயால் சொல்வது? கார் நின்றால் அது சொல்லிவிடும். பணம் அனுப்பினேன்.

யார் பெயரில் எடுப்பது என்பதில் சிக்கல். அம்மா எல்லாருடைய ஜாதகத்தையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஜோசியரிடம் போனாள். எனக்கு இரும்பு ஆகாது என்றார் அவர். பத்தொன்பது வயசிலிருந்து இரும்புத் தகட்டின் மேல் நின்று சோறு தின்கிறவனுக்கு இரும்பு ஆகாதாம். அப்பாவுக்கு அஷ்டமச் சனி. குமரேசனுக்கு ஏழரை. வீட்டில் வாகன யோகம் இருந்த ஒரே ஜாதகம், வந்து மூன்று மாசமான மருமகளுடையது. "இந்தப் பொண்ணு பேர்ல எடுத்தீங்கன்னா, வண்டி உங்க வாசலை விட்டுப் போவாது" என்று சொல்லித் தட்சணை வாங்கிக்கொண்டார். வண்டி அவள் பெயரில் பதிவானது. அவளுடைய ஆதார், அவளுடைய போன் நம்பர், அவளுடைய கையெழுத்து.

கல்லங்குறிச்சியில் பெருமாளுக்கு முன்னால் பூஜை போட்டு, நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். சாவியை அவள் கையில் கொடுத்து ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார்கள். "மகாலட்சுமி மாதிரி இருக்காடா" என்று அம்மா போனில் நெகிழ்ந்தாள். போட்டோ எடுத்து முடித்ததும் சாவியை வாங்கிக்கொண்டு அவளைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டார்கள். அந்த விவரம் போட்டோவில் இல்லை. அதற்குப் பிறகு அந்தச் சாவி அவள் கைக்குப் போகவே இல்லை.

ஒன்றரை வருஷத்தில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து படுத்தார். அதற்கடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார். குமரேசன் டைல்ஸ் கடை வைத்து, கடையில் உட்காராமலே நஷ்டப்பட்டான். பிள்ளையும் தங்கவில்லை. இவை எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. அவள் ராசி கெட்டவள். வீட்டிலேயே நல்ல ராசி என்று அவள் பெயரில் வண்டி எடுத்த அதே வாய்கள்தான் இதையும் சொன்னன. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். எங்கள் வீட்டில் கூடத்தையே துரத்திவிட்டார்கள்.

கோர்ட்டு கேஸ் எதுவும் கிடையாது. நாலு பெரிய மனுஷர்கள் உட்கார்ந்து பேசி, அவளை அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். அந்தக் காரிலேயே. அன்றைக்கு வீடியோ காலில் என்னையும் கேட்டார்கள். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு நான் சொன்னது இது: "நீங்க பாத்துச் செய்யுங்க." வெளிநாட்டில் இருப்பவனுக்கு இதைவிட வசதியான வாக்கியம் தமிழில் இல்லை.

அதற்குப் பிறகு அவள் ஒரே ஒரு தடவைதான் போன் செய்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், காணும் பொங்கலன்று. அவள் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, திருச்சிக்குக் கொண்டுபோக வேண்டும், நாள் கிழமை என்று வாடகை வண்டி எதுவும் கிடைக்கவில்லை, கார் வருமா என்று கேட்டாள். குமரேசன், வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது என்று சொல்லிவிட்டான். வண்டி ஒர்க்‌ஷாப்பில் இல்லை. இப்படி வாய் கூசாமல் பொய் சொல்லக்கூடியவன் என் தம்பி.

3

பத்து நாள் லீவு போட்டு வந்தேன். வாசலில் வண்டி நின்றது. சிமெண்ட் ஃபேக்டரிக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகளின் புண்ணியத்தில் எங்கள் தெருவில் எதுவும் தன் சொந்த நிறத்தில் இருக்காது. வெள்ளை வண்டி சாம்பலாக நின்றது. முன்பக்க பம்பரில் ஒரு நசுங்கல். கேட்டால் "அது அப்பவே இருந்துச்சுண்ணே" என்றான்.

மறுநாள் காலையில் புரோக்கர் செல்வராசு வந்தார். வண்டியைச் சுற்றி வந்து விரல் முட்டியால் கதவைத் தட்டித் தட்டிக் கேட்டார். பானை வாங்குகிறவர் போல் இருந்தது. பானட்டைத் திறந்து இன்ஜினை ஓட விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். குமரேசன் பயபக்தியோடு பக்கத்தில் நின்றான். எங்கள் அப்பா சாகக் கிடந்தபோதுகூட அவன் முகத்தில் இவ்வளவு கவலையை நான் பார்த்ததில்லை.

"யான இருந்தாலும் ஆயிரம் பொன்னு, செத்தாலும் ஆயிரம் பொன்னும்பாங்கள்ல சார், அது இந்த வண்டிதான்" என்றார் செல்வராசு. "பார்ட்டி ரெடியா இருக்கான். நீங்க சொல்ற வெலைதான். ஆனா இந்த மாசத்துக்குள்ள முடிச்சுரணும். வெலை இப்புடியே நிக்காது." பிறகு ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். "ஓனர் யாருங்க இது, பரிமளா?"

அம்மா வீட்டுக்குள் போய்விட்டாள். குமரேசன் பம்பர் நசுங்கலை முதல் முறையாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான்.

செல்வராசு நாலு வீடு கண்டவர். புரிந்துகொண்டார். "கையெழுத்துதான்னா நாமளே போட்டுக்கலாம் சார், அது ஒரு விசயமில்ல. இப்பல்லாம் ஓனர் போனுக்கு ஓடிபி போவுது. கையெழுத்தப் போடலாம், ஓடிபியப் போட முடியாதுல்ல. அந்தம்மாவ ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, முடிஞ்சு போச்சு."

ஒன்பது வருஷமாக அந்தப் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. என் வீட்டில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. பீரோவில் அவள் புடவை இருக்கிறதா என்று தேடித் தேடி எடுத்துத் தூரப் போட்டவர்கள், போட்டோவில் அவளை மட்டும் வெட்டி எடுத்தவர்கள், ஆர்.சி. புத்தகத்தை மறந்துவிட்டார்கள். எனக்கும்தான் உறைக்கவில்லை. நான் அதை என் வண்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விட மனசில்லாமல் நானே வட்டாரப் போக்குவரத்து ஆபீசுக்குப் போனேன். வரிசையில் நின்றேன். வரிசையில் நின்றவன் நான் ஒருவன்தான் என்பது அரைமணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. மற்றவர்கள் எல்லாம் ஜன்னலில் நின்றார்கள். கடைசியில் உள்ளே இருந்தவரிடம் பேச்சு போனது.

"நீங்க ஓனரா சார்?"

"பணம் குடுத்தது நான்ங்க."

"ஓனரா?"

"இல்லீங்க. தம்பி வொய்ஃபு. இப்ப சேர்ந்து இல்ல."

"அப்ப அவங்க வரணும் சார். பணம் யாரு குடுத்தாங்கன்னு எங்க ஃபாரத்துல எடமில்ல."

திட்டலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. திட்டுவதற்கு அவர் பக்கம் ஒரு தப்பும் இல்லை. என் மகள் ஒரு 'ஓ'வில் சொன்னதைத்தான் அவர் தமிழில் சொன்னார்.

4

பெரம்பலூருக்கு யார் போவது என்று வீட்டில் கூட்டம் நடந்தது. பூனைக்கு மணி கட்டுகிற கூட்டம். குமரேசன் மாட்டேன் என்றான். "அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்." அவள் பெயரில் இருக்கும் வண்டியில் தினமும் டீக்கடைக்குப் போகலாம், அவள் முகத்தில்தான் விழிக்கக் கூடாது.

அம்மா என்னைப் பார்த்தாள். "பெரியவனே, நீ போ. நீ வெளிநாட்டுக்காரன். ஒங்கிட்ட மரியாதையாத்தான் பேசுவா. நல்லபடியா நாலு வார்த்தை பேசி வாங்கிட்டு வா. வெறுங்கையோட போவாத."

வெறுங்கையோடு போகவில்லை. சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர்களுக்கு என்று கொண்டு வந்ததில் மிச்சமிருந்த சாக்லேட் டப்பா, ஒரு தைலம், இரண்டு சோப்பு ஆகியவற்றை ஒரு பையில் போட்டேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நடுத்தெருவில் விட்ட பெண்ணிடம் கையெழுத்துக் கேட்கப் போகிறவன் கையில் இரண்டு சோப்பு. இப்போது எழுதும்போது காறித் துப்ப வேண்டும் போல் இருக்கிறது. அன்றைக்கு அது பெரிய தாராளமாகத் தோன்றியது.

குமரேசன்தான் ஓட்டினான். வழி முழுக்க மக்காச்சோளமும் பருத்தியும். புதுசாக முளைத்த காலேஜ் வளைவுகள். அவன் வாங்கப்போகும் பெரிய வண்டியின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். விற்று வரும் பணத்தை நான் மகள் படிப்புக்கு எடுத்துக்கொள்ளப் போவதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை. ஒரே வண்டியில் இரண்டு திருடர்கள், ஒருவன் பையில் மற்றவன் கை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பரிமளா ஜெராக்ஸ் கடையும், ஆன்லைன் சேவையும் நடத்துகிறாள் என்று விசாரித்து வைத்திருந்தோம். குமரேசன் கடைக்கு எதிரில் நிறுத்தி ஏசியை ஓட விட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டான். நான் பையோடு இறங்கினேன்.

சின்னக் கடை. கவுன்டருக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன் அவள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு பெரியவருக்கு ஏதோ சான்றிதழுக்கு மனு போட்டுக்கொண்டிருந்தாள். "போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும் பாருங்கய்யா. அதச் சொல்லுங்க." அவர் எழுத்துக் கூட்டுவது போல ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். ஓடிபி வாங்குவதுதான் அவள் பிழைப்பே. நான் அதை வாங்க வந்திருக்கிறேன்.

"வாங்க மாமா" என்றாள். நேற்று பார்த்தவள் போல. "உக்காருங்க. இவருக்கு முடிச்சுட்டு வந்துடறேன்." என் அம்மா சொன்ன மரியாதை இதுதான் என்று நம்பித் தைரியமானேன்.

பெரியவர் போனதும் பையைக் கவுன்டர் மேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், தொடவில்லை. நான் நலம் விசாரித்தேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருப்பதைச் சொன்னேன். அவள் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். பிறகு, இப்போது டீசல் வண்டிக்கு நல்ல விலை போவதைப் பற்றி, ஏதோ நாட்டு நடப்புச் சொல்பவன் போல ஆரம்பித்தேன்.

"ஓடிபி வேணுமா மாமா?" என்றாள்.

5

"எனக்குத் தெரியும்" என்றாள் பரிமளா. "நேத்தே செல்வராசுன்னு ஒருத்தர் போன் பண்ணாரு. தினம் நாலு பேருக்கு இந்த ட்ரான்ஸ்ஃபர் நாந்தான் போட்டுத் தரேன்."

"அதில்லம்மா, முறைப்படி ஒங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"அது சரி. அஞ்சு வருசத்துல ஒங்க வூட்டுலேருந்து யாரும் எனக்கு ஒரு போனு பண்ணல மாமா. வண்டி மட்டுந்தான் பேசுச்சு." போனை எடுத்துக் கவுன்டர் மேல் வைத்தாள். "ஓனர் போனுக்குத்தான மெசேஜ் வரும். வேகமாப் போனா வரும். சிக்னல்ல நிக்காமப் போனா வரும். இன்சூரன்ஸ் முடிஞ்சா வரும். கட்டலன்னா கேசு என் பேர்லதான. நாந்தான் கட்டினேன். வண்டி எங்கெங்க போச்சுன்னு ஒங்கம்மாவவிட எனக்குத்தான் நல்லாத் தெரியும்."

நான் குமரேசனைத் திட்டத் தொடங்கினேன். அது சுலபமாக வந்தது. பொறுப்பில்லாதவன், உருப்படாதவன், அவனைத் தம்பி என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது என்றெல்லாம் அடுக்கினேன். கண்ணாடிக்கு வெளியே அவன் வாயைத் திறந்து ஏசிக் காற்றில் தூங்கிக்கொண்டிருந்தான். திட்டத் திட்ட எனக்குக் கொஞ்சம் நல்லவனாகிவிட்ட உணர்வு வந்தது.

அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தட்டினாள். பக்கத்து மெஷினிலிருந்து ஒரு தாள் வந்தது. அதை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இது ரெண்டு வருசத்துக்கு முந்தி. காணும் பொங்கல் அன்னிக்கு, பெரம்பலூர் நாலு ரோட்டுல. கேமரா புடிச்சது."

அபராதச் சீட்டு. மேலே நாள், நேரம். கீழே ஒரு படம். எங்கள் வண்டியின் முன் கண்ணாடி. ஓட்டுகிற இடத்தில் குமரேசன், ஒரு கையில் ஸ்டீயரிங், இன்னொரு கையில் போன். பக்கத்தில் நான். அவன் பக்கமாகச் சாய்ந்து திரும்பி, வாய் திறந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன். பெல்ட் போடவில்லை. ஐந்து மொழிகளில் பெல்ட் போடச் சொல்பவன் பெல்ட் போடவில்லை.

அந்த வருஷம் பொங்கலுக்கு வந்திருந்தேன். இருவரும் ஏற்காட்டுக்குக் கிளம்பியிருந்தோம். பெரம்பலூர் வழியாகத்தான் போனோம்.

"போன் பேசிட்டு ஓட்டுனதுக்கு ஒரு ஃபைன், பெல்ட் போடாததுக்கு ஒரு ஃபைன்" என்றாள். "நேரத்தப் பாருங்க. அந்தப் போன்ல இந்தப் பக்கம் இருந்தது நாந்தான் மாமா."

நான் நேரத்தைப் பார்த்தேன். பார்க்கத் தேவையில்லை.

"எங்கப்பா காரு இல்லாததால சாவல. நான் அப்புடிச் சொல்ல மாட்டேன். தெருவுல ஒருத்தரு லோடு ஆட்டோ வச்சிருந்தாரு. பின்னாடி பாயப் போட்டுப் படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போனோம். எட்டு நாள் இருந்துதான் போனாரு. ஆட்டோ பின்னாடி உக்காந்து போறப்பத்தான் இந்த மெசேஜ் வந்துச்சு. என் பேர்ல உள்ள வண்டி, எங்க வூட்டுலேருந்து ஒரு கிலோமீட்டர்ல போயிட்டு இருக்குன்னு."

"அவன் ஒர்க்‌ஷாப்புன்னு சொன்னது எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். "அப்புடியா மாமா" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு சொன்னாள். "என் சீர் சாமான் பூராவும் ஒங்க வூட்டுலதான் கெடக்கு. பீரோ, கட்டிலு, கிரைண்டரு. எதையும் கேட்டு நான் வாசப்படி ஏறல. வண்டிய விக்கலாமான்னு கேக்க வந்தீங்க. கேட்டீங்க. வேணாம்ங்கறேன். சாவியக் குடுத்துட்டுப் போங்க."

"ஓட்டுறதுக்கு ஆளு வேணுமேம்மா" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு வண்டியின் மேல் அக்கறை.

"கல்யாணத்துக்கு முந்தியே லைசன்ஸ் எடுத்துட்டேன். ஒங்க வூட்டுல யாரும் கேக்கல."

6

வெளியே போய்க் கண்ணாடியைத் தட்டினேன். குமரேசன் விழித்துக்கொண்டு, "குடுத்துட்டாளா?" என்றான். இன்ஜினை நிறுத்தச் சொல்லிச் சாவியை வாங்கினேன். விஷயம் புரிந்ததும் குதித்தான். போலீசுக்குப் போகிறேன் என்றான், நாலு பேரைக் கூட்டி வருகிறேன் என்றான். "ஆர்.சி. யார் பேர்ல இருக்கு? போய் அவங்ககிட்டச் சொல்லு" என்றேன். அடங்கினான். சாவியைக் கவுன்டரில் வைத்துவிட்டு வந்தேன். சோப்புப் பையை அவள் என் கையில் திருப்பிக் கொடுத்தாள். அபராதச் சீட்டின் நகலையும் அதற்குள் மடித்து வைத்திருந்தாள்.

இதைப் படித்துவிட்டு யாரும் எனக்குக் கடிதம் எழுதி என்னை மெச்ச வேண்டாம். நல்ல மனசினால் நான் சாவியைக் கொடுக்கவில்லை. இன்னும் ஐந்து நிமிஷம் அங்கே நின்றால் அவள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவாள் என்று பயமாக இருந்தது. அதிலிருந்து தப்பிக்க ஒரு கார் கொடுத்தேன். அதுவும் என்னுடையது இல்லாத கார்.

அரியலூர் பஸ்ஸில் உட்கார இடமில்லை. இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எனக்குப் பழக்கம்தான். குமரேசன் பஸ் ஏறி வருஷக்கணக்கில் ஆகியிருக்க வேண்டும், ஒவ்வொரு திருப்பத்திலும் என் மேல் விழுந்தான். பாதி வழியில் என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"அன்னிக்குப் போன கையில வச்சுக்கிட்டு என்னண்ணே சொல்றதுன்னு ஒன்னத்தான கேட்டேன். 'ஒர்க்‌ஷாப்புல கெடக்குன்னு சொல்லித் தொலைடா'ன்னு நீதானண்ணே சொன்ன. அங்க ஒரு வார்த்தை அதச் சொல்லியிருக்கலாம்ல."

கண்டக்டர் வந்தார். இரண்டு அரியலூர் என்றேன்.

இத்தனை பக்கமும் நான் பழித்துக்கொண்டு வந்த என் தம்பி, பொங்கலுக்கு வந்த அண்ணனைக் கேட்காமல் ஒரு முடிவும் எடுக்கத் தெரியாதவன். கொடுக்கலாமா வேண்டாமா என்று கேட்டான். கொடு என்று நான் சொல்லியிருந்தால் திருப்பியிருப்பான். ஏற்காட்டில் அறை போட்டாகிவிட்டது என்று எனக்குத்தான் அவசரம்.

சிங்கப்பூர் வந்து பெட்டியைப் பிரித்தபோது யாழினி பக்கத்தில் இருந்தாள். சாக்லேட் டப்பாவைத் திரும்பக் கொண்டு வந்ததைப் பார்த்துச் சிரித்தாள். கார் விற்றாயிற்றா என்று கேட்டாள். "அது நம்ம கார் இல்லம்மா" என்றேன். இந்த முறை 'ஓ' வரவில்லை. பையிலிருந்து மடித்த தாளை எடுத்து விரித்தாள். எண்களையும் எழுத்துகளையும் விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தாள்.

"யாருப்பா எடுத்தது? நீங்க இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல" என்றாள். படத்தை வெளிச்சத்தில் பிடித்து என் வாயைக் கூர்ந்து பார்த்தாள். "இதுல சித்தப்பாகிட்ட என்ன சொல்றீங்க?"

பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன் என்றேன்.